பன்னிரண்டு குடம் தண்ணீர்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் நீர் ஏறக்குறைய 180 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் பன்னிரண்டு குடம்! சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர்தான். மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

இதற்குக் கண்கண்ட சாட்சி தந்தது ஒரு தவளை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் மெல்லிய ரத்த நாளங்கள் நூற்கண்டு போலச் சுருண்ட முடிச்சுகள் உண்டு. மனிதருக்குச் சுமார் பத்து லட்சம். வடிகட்டல் நடப்பது அங்கேதான். 1924-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வியர்ன், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவர், தவளையின் அத்தகைய முடிச்சைச் சூழ்ந்த உறைக்குள் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழலைச் செருகி, வடிந்த நீரை உறிஞ்சி எடுத்தார்கள். அதில் புரதம் இல்லை, சர்க்கரை இருந்தது. சிறுநீர்ப்பையில் சேர்ந்த நீரிலோ சர்க்கரையே இல்லை. உறையிலிருந்து நீரைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் வழியிலேயே சர்க்கரையை மீட்டுக்கொண்டன என்பது அப்போது தெளிவாயிற்று. எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காத சோதனை இது.

வெயிலில் நாற்று நடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். வியர்த்து, ரத்தத்தின் உப்புச் செறிவு நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு ஏறினாலே மூளை அறிந்துவிடுகிறது. வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. நுண்குழாயின் கடைசிப் பகுதியில் நீர் புகும் வழிகள் திறந்து, தண்ணீர் உடலுக்குள் திரும்புகிறது. சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகிறது. நிழலில் உட்கார்ந்து வயிறாரத் தண்ணீர் குடித்தால் அந்த வழிகள் மூடிக்கொள்ளும். சிறுநீர் மறுபடி தெளியும்.

நீர் மிகவும் வற்றினால் இன்னொரு காவலும் எழுகிறது. முடிச்சுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளம் சுருங்கிவிடாதபடி புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் காக்கிறது. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அது உருவாவதையே தடுக்கின்றன. நல்ல உடம்புக்கு ஓரிரு மாத்திரையால் பெரும்பாலும் கெடுதல் வராது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வற்றிய உடம்பில் அதே மாத்திரை விழுந்தால், வடிகட்டலே நின்றுபோகலாம். கடையில் கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது.

அதனால்தான், வயிற்றுப்போக்கில் துவண்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பவை இரண்டு: கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள்? உடம்புவலிக்கு என்ன மாத்திரை போட்டீர்கள்?