தணல் வர்ற வரைக்கும் கிரில் பக்கம் போகாதீங்க! பார்பிக்யூவுக்கு நெருப்பு போடுற முறை

வணக்கம் மக்களே! இன்னைக்கு மசாலா பேச்சே கிடையாது, நெருப்பு மட்டும்தான். கறி வெளியே கருகி உள்ளே பச்சையா இருக்குன்னா, பெரும்பாலும் கொழுந்துவிட்டு எரியும்போதே அவசரப்பட்டு கிரில்ல போட்டிருப்பீங்க. சமைக்க வேண்டியது ஜுவாலையில இல்ல, தணல்ல.

கரியில ரெண்டு வகை. கட்டிக்கரி சீக்கிரம் பிடிக்கும், சூடும் அதிகம், அதே வேகத்துல தீர்ந்தும் போயிடும். அச்சுல அழுத்தி வர்ற பிரிக்வெட் மெதுவா பிடிச்சாலும் ஒரே சீரா நிக்கும். சட்டுனு வேகுற அயிட்டத்துக்குக் கட்டிக்கரி, நேரம் எடுக்குற பெரிய துண்டுக்கு பிரிக்வெட். எதுவா இருந்தாலும் நமுத்துப் போயிருந்தா புகையுமே தவிர பிடிக்காது. பெயின்ட் அடிச்ச பலகை, பிளைவுட் ரெண்டையும் தொடாதீங்க, அந்தப் புகை விஷம்.

பற்றவைக்க என் ஓட்டு சிம்னி ஸ்டார்ட்டருக்குத்தான், அதாவது கரியை நிரப்பி அடியிலிருந்து பற்றவைக்கிற, கைப்பிடி வச்ச இரும்புக் குழாய். அடியில ரெண்டு தாள் நியூஸ்பேப்பரை லேசா கசக்கி வைங்க. இறுக்கி உருட்டுனா காத்து போகாம அணைஞ்சிடும். மேல கரியை நிரப்பி, பேப்பரைக் கொளுத்திட்டு 15-20 நிமிஷம் சும்மா விடுங்க. முதல்ல வர்ற வெள்ளைப் புகையைப் பார்த்து பயப்படாதீங்க, அது அடங்கும். மேல் கரியோட ஓரத்துல சாம்பல் பூத்ததும், தடிமனான கையுறை போட்டுக் கொட்டுங்க. சிம்னி இல்லையா? பேப்பரும் சுள்ளியும் நடுவுல வச்சு, சுத்தி கரியைக் கோபுரமா குவிங்க, காத்துக்கு சந்து விட்டு. பெட்ரோல் கூடவே கூடாது. லைட்டர் ஃப்ளூயிடையும் எரியுற கரி மேல ஊத்தாதீங்க, தீ அப்படியே பாட்டில் வரைக்கும் ஏறி வரும்.

இப்போ முக்கியமான விஷயம். தணலை எல்லா இடத்துலயும் பரப்பாதீங்க! ஒரு பக்கமா ஒதுக்கிட்டு, மறுபக்கம் காலியா விடுங்க. தணல் பக்கம் நிறம் ஏறும், காலிப் பக்கம் மூடி போட்டா உள்ளே வரைக்கும் வேகும். கொழுப்பு சொட்டி குபுக்னு தீ எழும்புதா? கறியைக் காலிப் பக்கம் தள்ளுங்க. தண்ணி தெளிச்சா சாம்பல்தான் பறந்து கறியில ஒட்டும்.

சூடு பார்க்க, கிரில் கம்பிக்கு 12-15 செ.மீ. மேல உள்ளங்கையைப் பிடிங்க. 2-3 நொடிதான் தாங்குதுன்னா கடும் சூடு, 5-6 நொடின்னா மிதம், 8-10 நொடின்னா மந்தம். கூட்டணுமா, கீழ் துவாரத்தைத் திறங்க. குறைக்கணுமா, பாதி மூடுங்க. மேல் துவாரம் திறந்தே இருக்கட்டும், அதை அடைச்சா புகை உள்ளேயே தங்கி கறி கசக்கும். நேரம் இழுத்தா, தணல் மங்குறதுக்கு முன்னாடியே அஞ்சாறு துண்டு கரியை ஓரத்துல சேர்த்துடுங்க.

மழை வந்துடுச்சுன்னு அடுப்பை வீட்டுக்குள்ளேயோ கூடாரத்துக்குள்ளேயோ தூக்கிட்டுப் போகாதீங்க. கரி அணையுற மாதிரி இருக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனையே இல்லாததால தெரியாமலேயே ஆளைக் கொன்னுடும். முடிச்சதும் ரெண்டு துவாரத்தையும் மூடிட்டா தணல் தானா அணையும், மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். சாம்பலை மட்டும் உடனே குப்பைத்தொட்டியில போட்டுடாதீங்க. மறுநாளும் உள்ளே கங்கு இருக்கலாம். இரும்பு வாளியில போட்டு, தண்ணி ஊத்திக் கிளறி, முழுசா ஆறின பிறகு கொட்டுங்க.