வெயில் ஊர்களின் பனித்தரை

நண்பர்களே, ஐஸ் ஹாக்கி என்றால் நமக்கு கனடாவும் ரஷ்யாவும் ஸ்வீடனும்தான் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்தது தாய்லாந்து, மலேசியா, பிலிப்பைன்ஸ், ஓமன், குவைத், இந்தியா ஆகிய நாடுகளைப் பற்றி. இவர்களும் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள்.

சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு 1908-இல் தொடங்கியது. அது நடத்தும் உலகச் சாம்பியன்ஷிப்பில் பல படிகள் உண்டு. தகுந்த ரிங்க், அதாவது செயற்கையாக உறைய வைத்த பனித்தரை அரங்கம், இல்லாத நாடுகளுக்குக் கடைசிப் படிகூட எட்டாது. அப்படிப்பட்ட ஆசிய நாடுகள் ஒன்றோடொன்று மோதிப் பார்க்கத்தான் 2008-இல் ஹாங்காங்கில் ஆசிய சேலஞ்ச் கோப்பையைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே அபுதாபியில் இந்திய ஆண்கள் அணி களம் இறங்கியது. பெண்கள் அணிக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், குளிர் உள்ள நாடு நாம்தான். லடாக்கில் உள்ள லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிக்காலத்தில் குளங்கள் கல்லாக உறைந்துவிடும். இரவில் தண்ணீர் ஊற்றி விடுவார்கள், விடிவதற்குள் புதிய தளம் தயாராகிவிடும். அந்தக் காலத்தில் ராணுவ பூட்ஸில் இரும்புத் தகட்டைப் பொருத்தி ஸ்கேட் ஆக்கிக்கொண்டு ஆடியவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பனி இரண்டு மாதம்தான் தாங்கும். பிப்ரவரி முடிந்தால் மட்டையைச் சுருட்டி வைக்க வேண்டியதுதான்.

மணிலாவிலும் கோலாலம்பூரிலும் வருடம் முழுக்க வியர்க்கும். ஆனால் அங்கே வணிக வளாகத்துக்குள் ரிங்க் இருக்கிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளை ஜூன் மாதத்திலும் பயிற்சி செய்யலாம். குளத்தில் பழகியவளுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ரிங்கைச் சுற்றித் தடுப்பு உண்டு. பந்துக்குப் பதிலாக ஆடும் ‘பக்’ என்ற ரப்பர் வட்டை அதில் மோதவிட்டு, திரும்பி வரும் கோணத்தைக் கணக்குப்போட்டு ஆடுவது இந்த விளையாட்டில் பாதி. ஊர்க் குளத்தில் அதை எங்கே கற்றுக்கொள்வது? டேராடூனில் 2011-இல் நல்ல உள்ளரங்க ரிங்க் ஒன்றைக் கட்டினோம். தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் முடிந்தபின் அது பல வருடம் பூட்டிக் கிடந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. 2025-இல்தான் மறுபடி திறந்தார்கள்.

சரி, அந்தப் பெண்களிடம் வருவோம். 2016-இல் தைபேயில் ஆடிய முதல் போட்டியில் ஒரு வெற்றிகூட இல்லை. அடுத்த வருடம் பாங்காக் போகக் கையில் பணம் இல்லை. இணையம் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். முகம் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த பணத்தில் விமானம் ஏறினார்கள். அங்கே பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். சர்வதேச அளவில் அதுதான் முதல் வெற்றி. வென்ற அணியின் நாட்டுப்பண்ணை ஒலிக்கவிடுவது இந்தப் போட்டிகளின் வழக்கம். அன்று நம் நாட்டுப்பண் ஒலித்தது. அப்புறம் மலேசியாவையும் வென்றார்கள்.

பிலிப்பைன்ஸை லேசாக எடைபோட்டுவிடாதீர்கள். பனி என்பதையே காணாத அந்த நாட்டின் ஆண்கள் அதே 2017-இல் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுகளில் தாய்லாந்தைத் தோற்கடித்து ஐஸ் ஹாக்கி தங்கம் வென்றார்கள். ரிங்க் இருந்தால் போதும், வெயில் ஊரும் ஆடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதனால்தான் இத்தகைய போட்டிகளை ஆறுதல் பரிசு என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வருடத்துக்கு ஒரு போட்டி நிச்சயம் என்று தெரிந்தால்தான் ஒரு பெண் கோடை முழுதும் ரோலர் ஸ்கேட்டில் ஓடி உடம்பைத் தயாராக வைத்திருப்பாள், அவளை அனுப்ப வீட்டிலும் சம்மதிப்பார்கள்.

2025-இல் மகளிர் ஆசியக் கோப்பை ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்தது. சுற்றிலும் பாலைவனம், மாதமோ ஜூன். லடாக் குளங்களில் இந்த ஆட்டத்தைப் பழகிய பெண்கள் அங்கே வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.