எந்த வயதில் கருவியைக் கையில் கொடுப்பது?

அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளையை இசை வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்பார்கள். "நாலு வயசுதான் ஆகுது, இப்பவே ஆரம்பிக்கலாமா?" என்பது ஒன்று. "பத்து முடிஞ்சிடுச்சு, ரொம்ப லேட் பண்ணிட்டோமா?" என்பது இன்னொன்று. காலம் கடந்துவிடுமோ என்ற கவலை இரண்டிலும் இருக்கிறது. அந்தக் கவலையில் அவசரப்பட்டுக் கருவி வாங்கி, ஆறு மாதத்தில் அது அலமாரி மேலே போய்விடும்போது, "நம்ம பிள்ளைக்கு இசை வராது" என்று வீடே முடிவு கட்டிவிடுகிறது. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசை பிறந்த நாளிலிருந்தே தொடங்கலாம். கருவி அப்படியல்ல. அதற்குக் குழந்தையின் உடம்பு தயாராக வேண்டும், கவனம் ஓரளவு நிலைக்க வேண்டும், வீட்டில் ஒரு பெரியவருக்குத் தினமும் பக்கத்தில் உட்கார நேரம் வேண்டும். இந்த மூன்றும் கூடிவரும் வயதுதான் சரியான வயது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அமைகிறது.

முதலில் காதிலிருந்து தொடங்குவோம். ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் சோல்தான் கொடாய், 1882 முதல் 1967 வரை வாழ்ந்தவர். இசைக் கல்வியை எப்போது தொடங்குவது என்று கேட்டதற்கு, குழந்தை பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே என்று சொன்னாராம். பிற்பாடு, இல்லை, அந்தக் குழந்தையின் தாய் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே என்று திருத்திக்கொண்டாராம். வீட்டில் பாட்டு இருந்தால்தான் குழந்தைக்குள்ளும் பாட்டு இருக்கும் என்பது அவர் கருத்து. கருவியைத் தொடுவதற்கு முன் குழந்தை நன்றாகப் பாடட்டும் என்பதை அவர் கடைசிவரை வலியுறுத்தினார்.

மூன்று வயதுக் குழந்தை பாடுவதைக் கவனித்துப் பாருங்கள். பாட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைச் சரியாகப் பிடித்துவிடும். ஆனால் தொடங்கிய சுருதியில் முடிக்காது. வரிக்கு வரி சுருதி நகர்ந்துகொண்டே போகும். அதில் குறை ஒன்றும் இல்லை, அந்த வயது அப்படித்தான். ஐந்து, ஆறு வயதில் பல குழந்தைகள் ஒரே சுருதியில் நிற்கப் பழகிவிடுகிறார்கள். அப்படி நிற்கத் தெரிந்த குழந்தையின் கையில் வயலினைக் கொடுத்தால், விரல் தவறான இடத்தில் விழும்போது அதற்கே தெரியும். தெரியாத குழந்தைக்கு ஆசிரியர் வாரம் முழுக்கக் கூடவே இருந்து சொல்ல முடியுமா? ஆகவே ஐந்து வயதுவரை பாட்டு, கைதட்டி நடப்பது, தாளத்துக்குக் குதிப்பது, ஒலிகளைப் பிரித்துக் கேட்பது. இது போதும். இதைக் காத்திருக்கும் காலம் என்று நினைக்காதீர்கள், பயிற்சியே இதுதான்.

சரி, "ஏழு வயசுக்குள்ள ஆரம்பிச்சா மூளை நல்லா வளருமாமே" என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு ஓர் அடிப்படை உண்டு. 1995-இல் கொட்ஃப்ரீட் ஷ்லாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்கு முன் தொடங்கிய இசைக் கலைஞர்களுக்கு, மூளையின் இடது வலது பாதிகளை இணைக்கும் நரம்புப் பட்டையின் முன்பகுதி பெரிதாக இருந்தது தெரியவந்தது. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு, தந்திக் கருவி வாசிப்பவர்களின் இடது கை விரல்களுக்கு மூளையில் கூடுதல் இடம் இருப்பதையும், சிறு வயதில் தொடங்கியவர்களிடம் அது அதிகம் என்பதையும் காட்டியது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆய்வுகள் பார்த்தது, தொடங்கி விடாமல் வாசித்துக் கலைஞர்களாக ஆனவர்களை. ஐந்து வயதில் சேர்ந்து ஆறு வயதில் அழுதுகொண்டே விட்டுவிட்ட குழந்தைகள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

உண்மையிலேயே இளவயதோடு இறுகப் பிணைந்த திறன் ஒன்று இருக்கிறது. ஒரு சுரத்தைக் கேட்டதும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு சுரம் எதுவும் இல்லாமலே அது இன்னது என்று சொல்லிவிடுவது. அந்தத் திறன் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆறேழு வயதுக்கு முன்பே இசை கற்கத் தொடங்கியவர்கள். அது இல்லாமலே பெரிய கலைஞர்களானவர்கள் ஏராளம். நமக்கு அவசியம் ஒரு சுரத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தூரத்தை உணரும் காது. 'ஸ' என்ற ஸட்ஜத்தை எந்தச் சுருதியில் வைத்தாலும் அதிலிருந்து 'ப' என்ற பஞ்சமத்தைச் சரியாகப் பிடிக்கும் காது. அதை எந்த வயதிலும் வளர்க்கலாம்.

அடுத்தது உடம்பு. கருவிக்குக் கருவி வயது மாறுவதற்கு இதுதான் முக்கியமான காரணம்.

வயலினில் சின்ன அளவுகள் உண்டு. பதினாறில் ஒரு பங்கு என்று குறிக்கப்படும் மிகச் சிறியதிலிருந்து கால், அரை, முக்கால், முழு அளவு என்று குழந்தையோடு கருவியும் வளரும். மேற்கத்திய முறையில் நின்று பிடிப்பதானால், அளவு பார்க்க எளிய வழி இருக்கிறது. வயலினைத் தோளில் வைத்து, இடது கையை அதன் அடியில் நீட்டச் சொல்லுங்கள். வயலினின் தலைப்பகுதி, முழங்கை லேசாக மடங்கிய நிலையில் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். கை விறைத்து நீண்டால் அந்த அளவு பெரிது. "அடுத்த வருஷமும் ஆகும்" என்று பெரிய வயலினை வாங்கிக் கொடுக்காதீர்கள். தோள்பட்டையைத் தூக்கிக்கொண்டு வாசிக்கும் பழக்கம் அப்படித்தான் வருகிறது, அதைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பியானோவில் சுரம் ஏற்கெனவே சரியாக இருக்கிறது, அழுத்தினால் போதும். அதனால் தொடங்குவதற்கு எளிது, ஆறு வயதில் தாராளமாக உட்காரலாம். ஆனால் ஐந்து வயது விரலைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். நான்காம் விரலால் கட்டையை அழுத்தும்போது நுனி மூட்டு உள்பக்கமாக மடிந்து தட்டையாகிவிடும். கூடவே சுண்டு விரலும் இறங்கும். அதைச் சமாளிக்கக் குழந்தை மணிக்கட்டை அமுக்கும், பிறகு தோளை உயர்த்தும். திட்டிப் பயனில்லை, அந்த விரலுக்கு இன்னும் வலு வரவில்லை. ஓராண்டு கழித்து அதே குழந்தை அதே வரியை யாரும் சொல்லாமலே ஒழுங்காக வாசிப்பதைப் பார்க்கிறோம். கிட்டாரில் கம்பித் தந்தி விரல் நுனியைப் பதம் பார்க்கும். ஏழெட்டு வயதில் நைலான் தந்தியோடு சின்ன கிட்டாரில் தொடங்கலாம், அதற்கு முன்பே ஆசைப்பட்டால் நான்கு தந்தி உள்ள யூகுலேலே இருக்கிறது. வீணைக்கு மடியும் கை நீளமும் வேண்டும், ஒன்பது பத்து வயது நல்லது.

ஊது கருவிகளுக்குப் பல்லைப் பார்க்க வேண்டும். மேல் முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது பொதுவாக ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள். டிரம்பெட்டின் வாய்ப்பகுதி உதட்டின் வழியே பல்லை அழுத்தும். கிளாரினெட், சாக்சபோன் போன்றவற்றில் மேற்பற்கள் நேராக அதன்மேல் அமரும். பல் ஆடும் வயதில் இவை வேண்டாம். புல்லாங்குழலில் அந்த அழுத்தம் இல்லை, துளைகளுக்கு விரல் எட்டினால் போதும். சுருதி கூடிய சின்னக் குழலில் துளைகள் நெருக்கமாக இருக்கும். புல்லாங்குழல் மேதை டி.ஆர்.மகாலிங்கம் ஏழு வயதிலேயே கச்சேரி செய்தவர். அத்தகைய பிள்ளைகள் எப்போதாவது பிறப்பார்கள், அவர்களை வைத்து மற்ற குழந்தைகளுக்கு வயது வகுக்கக் கூடாது.

மிருதங்கத்தில் ஒரு அருமையான வசதி உண்டு. 'தா தி தொம் நம்' போன்ற சொற்கட்டை வாயால் சொல்லி, கையால் தாளம் போடுவதை ஐந்து வயதிலேயே தொடங்கிவிடலாம். வாய்க்கு வந்தது கைக்கு வரும். கருவி பிறகு வரட்டும்.

அப்புறம் கவனம். நான்கு முறை கைதட்டிக் காட்டினால் அதேபோல் திருப்பித் தட்டுகிறதா? ஒரு வேலையில், அது படம் வரைவதாகவே இருக்கட்டும், பத்து நிமிடம் நிலைத்து உட்காருகிறதா? இடது வலது தெரிகிறதா? "இன்னொரு தடவை செய்" என்றால் அழாமல் செய்கிறதா? இதற்கெல்லாம் ஆம் என்றால் ஐந்தரை வயதானாலும் தொடங்கலாம். இல்லை என்றால் ஏழு வயதானாலும் கொஞ்சம் பொறுக்கலாம். நான்கில் தொடங்கிய குழந்தை மூன்று ஆண்டில் தொடும் இடத்தை, ஏழில் தொடங்கிய குழந்தை ஒன்றரை ஆண்டில் எட்டிப் பிடிப்பது வகுப்புகளில் சாதாரணமாக நடப்பதுதான்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். மூன்று நான்கு வயதில் வயலின் கற்பிக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த ஷினிச்சி சுஸுகி. எல்லாக் குழந்தைகளும் தாய்மொழியைப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள், இசையையும் அதே வழியில் கற்கலாம் என்பது அவர் அடிப்படை. அவர் பெயரைச் சொல்லி மூன்று வயதில் சேர்க்கிறோம். ஆனால் அவர் முறையில் பெற்றோரும் வகுப்பில் உட்கார வேண்டும், குழந்தைக்கு முன்பே பெற்றோர் ஒரு பாட்டாவது வாசிக்கப் பழக வேண்டும், வீட்டில் தினமும் அந்த இசை ஒலிக்க வேண்டும். இந்தப் பாதியை விட்டுவிட்டு மூன்று வயது என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இசையமைப்பாளர் மொத்சார்ட் வீட்டையும் பாருங்கள். 1759-இல் தந்தை லெயோபோல்ட் பாடப் புத்தகம் எழுதிக் கொடுத்தது மூத்த மகளுக்கு. அவளுக்கு அப்போது ஏழெட்டு வயது. அக்கா கற்பதைக் கேட்டுக்கொண்டே இருந்த தம்பி வோல்ஃப்காங், தானாகக் கட்டைகளை அழுத்தி இனிமையான ஒலிகளைத் தேடத் தொடங்கினான். தந்தையே வயலின் ஆசிரியர். அந்த வீட்டில் பாடம் தினமும் நடந்தது.

ஆகவே வயதைக் கேட்கும் பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்பது இது: தினமும் பத்து நிமிடம் யார் பக்கத்தில் உட்காரப் போகிறீர்கள்? போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்கார வேண்டும். கருவியை நீங்கள் வெளியே எடுத்து வையுங்கள். முதலில் குழந்தைக்கு நன்றாக வரும் ஒரு வரி. பிறகு வராத ஒரே ஒரு இடம், அதை மெதுவாக மூன்று முறை. கடைசியில் அதற்குப் பிடித்த எதையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டு ரசியுங்கள். அவ்வளவுதான். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை தனியாகப் பயிற்சி செய்யும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எந்தக் காலத்திலும் யாராவது பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

தாமதமாகிவிட்டது என்று கவலைப்படும் பெற்றோருக்கும் ஒன்று. மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பித்த அதே சுஸுகி, வயலினைக் கையில் எடுத்தது பதினேழு வயதில். புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா பதினைந்து வயதில்தான் முறையாகப் பாட்டு கற்கத் தொடங்கி, பிறகு குழலுக்கு வந்தார். ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கொமரி ஆறு தந்தி கிட்டாரைக் கற்றது ஏறக்குறைய இருபது வயதில். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பெரிய பலம், அது தானே ஆசைப்பட்டு வந்திருப்பது. அந்தப் பிள்ளையைச் சிறு குழந்தைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். ஆறு வயதுக் குழந்தை முன்னால் தடுமாற எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. அதன் காதுக்குப் பிடித்த இசையிலிருந்தே பாடத்தைத் தொடங்கும் ஆசிரியரைத் தேடுங்கள்.

நடுவில் "எனக்கு வேண்டாம்" என்று ஒரு நாள் சொல்லும். அன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், அதட்டி உட்கார வைக்கவும் வேண்டாம். வேண்டாம் என்பது இசையையா, கருவியையா, ஆசிரியரையா, அந்த ஒரு கடினமான பாடத்தையா என்று பொறுமையாக விசாரியுங்கள். பல நேரம் அது கடைசியில் சொன்ன அந்தக் கடினமான பாடமாகத்தான் இருக்கும். கருவிதான் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மாற்றுங்கள். இரண்டு ஆண்டு பியானோ வாசித்த பிள்ளை புல்லாங்குழலுக்குப் போகும்போது காதும் தாளமும் கூடவே போகின்றன, கற்றது எதுவும் வீணாவதில்லை.

நன்றி. உங்கள் பிள்ளைகளின் வயதைச் சொல்லிக் கேட்க நினைப்பவர்கள் இப்போது கேட்கலாம்.