4.29-ஐக் கேட்டுக் கேட்டுக் காது வலிக்கிறது

வணக்கம் மக்களே, ஓஹையோவின் கொலம்பஸிலிருந்து நான்தான். போன வீடியோவில் என்ன சொன்னேன்? "டிராஃப்ட் வரைக்கும் ரிசீவர்களைப் பற்றி வாயே திறக்க மாட்டேன், ஏப்ரல் 24 நெருங்கும்போது மொத்தமாக ஒரே வீடியோ" என்றேன். அந்த வாக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காரணம் என் மச்சினன். புதிதாக வந்தவர்களுக்கு: டிராஃப்ட் என்றால் அமெரிக்கக் கால்பந்து (என்எஃப்எல்) அணிகள் கல்லூரி வீரர்களை முறை வைத்து எடுப்பது, ரிசீவர் என்றால் எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவன்.

2025 மார்ச் 1, சனிக்கிழமை. இண்டியானாபொலிஸில் கம்பைன் (டிராஃப்ட்டுக்கு வரும் வீரர்களின் வேகத்தையும் உடலையும் அளக்கிற சோதனை) நடக்கிறது, ரிசீவர்கள் ஓடுகிற நாள். நான் இந்தியக் கடையில் பில் போட வரிசையில் நிற்கிறேன். போன் அடிக்கிறது. நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "மாமா, பார்த்தீங்களா? நாலு புள்ளி ரெண்டு ஒன்பது!" அவ்வளவுதான், வைத்துவிட்டான். மேத்யூ கோல்டன் என்கிற ரிசீவர் 40 யார்டு ஓட எடுத்த விநாடிகள் அவை. அவன் ஹூஸ்டனில் இருப்பது உங்களுக்குத் தெரியும். மேத்யூ கோல்டன் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2 வருஷம் ஆடிவிட்டுப் போன வருஷம்தான் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனான். அதனால் ஏதோ இவனே தூக்கி வளர்த்த பிள்ளை மாதிரி ஒரு பெருமை.

கோல்டன் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபமெல்லாம் மற்றவர்கள் மீதுதான். சனிக்கிழமை காலை வரைக்கும் "முதல் சுற்றின் கடைசியில் போவானா, இரண்டாம் சுற்றா" என்று இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை "இவன்தான் இந்த வருஷத்தின் முதல் ரிசீவர்" என்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது? போன சீசனின் 58 கேட்ச், 987 யார்டு, 9 டச்டவுன் (எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது), எல்லாம் ஜனவரியிலேயே கண் முன்னால் இருந்ததுதானே. அரிசோனா ஸ்டேட்டுக்கு எதிராக ஓவர்டைமில், நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, 13 யார்டு வேண்டும், விட்டால் சீசனே முடிந்தது. அந்தப் பந்தைப் பிடித்து டச்டவுன் போட்டது யார்? இதே பையன். அன்றைக்கு யாரும் எனக்குப் போன் பண்ணவில்லை. நேர்கோட்டில், தொட ஒருத்தர்கூட இல்லாமல், 40 யார்டு ஓடினவுடன் ஞானோதயம்.

அந்த 40 யார்டு என்ன என்று நானே தெரிந்துகொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பள்ளி மைதானத்துக்குப் போனேன். ஸ்டாப்வாட்ச் பிடித்தது நம் வீட்டு டைம்கீப்பர், உங்களுக்குத் தெரிந்தவர்தான். முதல் ஓட்டம் 6.1. எனக்கே நம்ப முடியவில்லை. பெரிய சாதனை! வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், நான் கிளம்பி நாலு அடி வைத்த பிறகுதான் அவர் பட்டனை அழுத்தியிருக்கிறார். "நீங்கள் சொல்லாமல் ஓடினீர்கள்" என்கிறார். இரண்டாவது ஓட்டம் 7.2. அதற்குமேல் பேச வேண்டாம். கம்பைனிலேயே கிளம்பும்போது கையால்தான் அழுத்துகிறார்கள், முடிக்கிற இடம்தான் எலெக்ட்ரானிக். 4.29-க்கும் 4.49-க்கும் நடுவே மைதானத்தில் கிட்டத்தட்ட 2 யார்டுதான். குறைத்துப் பேசவில்லை, 2 யார்டு பெரிய விஷயம். ஆனால் ரிசீவர் திரும்பத் தெரியாதவனாக இருந்தால் அந்த 2 யார்டையும் முதல் வளைவிலேயே, தன்னைக் காவல் காக்கிற எதிரணி ஆளான கார்னர்பேக்கிடம் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

2017 டிராஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் ராஸ், 4.22, அப்போது கம்பைன் ரெக்கார்டு. சின்சினாட்டி அணி 9-வது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் அவன் பிடித்த பந்து எத்தனை? பூஜ்யம். அதே டிராஃப்ட்டில் 69-வது ஆளாகப் போனவர் கூப்பர் கப், 4.62. 2021-ல் 145 கேட்ச், 1,947 யார்டு, அப்புறம் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் எம்விபி, அதாவது சிறந்த வீரர். ராஸின் அந்த ரெக்கார்டையும் போன வருஷம் சேவியர் வொர்தி 4.21 ஓடி உடைத்துவிட்டான். இப்போது ராஸிடம் அதுவும் இல்லை. பாவம்.

இங்கே கையுறைக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கம்பைனில் கையை அளப்பார்கள் என்று முன்பு ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறேன். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும், கையை விரித்து வைத்து. நம் பாட்டி பூக்காரம்மாவிடம் பூவை எப்படி அளந்து வாங்கினார்களோ அதே சாண்தான். இங்கே அதற்கு ஒரு ஸ்கேல், ஒரு மேசை, குறித்துக்கொள்ள ஒரு ஆள். 9 அங்குலத்துக்குக் கீழே போனால் அணிகளுக்கு ஆள் தேடுகிற ஸ்கவுட்டுகள் முகம் சுளிப்பார்கள். நான் ஒரு தைரியத்தில் ரிசீவர் கையுறை ஆர்டர் பண்ணினேன், 45 டாலர். சைஸ் கேட்டார்கள். என் கை பெரிய கை என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு எண்ணம். L போட்டேன். வந்தது. போட்டேன். விரல் நுனியில் அரை அங்குலம் காற்று. பந்து கையுறையில் ஒட்டிக்கொள்கிறது, கையுறை என்னிடம் ஒட்டவில்லை! பந்தோடு கையுறையும் சேர்ந்து போகிறது. அப்புறம்தான் சாணை அளந்தேன். எட்டேகால் அங்குலம். நாற்பது வருஷ நம்பிக்கை போச்சு. திருப்பி அனுப்பலாம் என்றால், திறந்த பாக்கெட்டை எடுக்க மாட்டார்களாம். 45 டாலர் மக்களே. 45 டாலருக்கு எத்தனை கிலோ பருப்பு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ரிசீவரைப் பார்க்கும்போது முதலில் கண் போவது காலுக்குத்தான். எவ்வளவு வேகமாகப் போகிறான் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் நிற்கிறான் என்று பார்ப்பேன். முழு வேகத்தில் போய் இடுப்பைத் தாழ்த்தி, இரண்டே அடியில் பிரேக் போட்டுத் திரும்பினால், எதிரில் ஓடுகிற கார்னர்பேக் இன்னும் மூன்று அடி தள்ளிப் போய்க்கொண்டிருப்பான். அந்த இடைவெளிதான் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்குச் சோறு. அடுத்தது, ஆரம்பத்திலேயே நெஞ்சில் கை வைத்துத் தடுக்கிறவனை எப்படித் தட்டிவிட்டு வெளியே வருகிறான் என்பது. இதில் ஒன்றாவது டிவியில் தெரியுமா? தெரியாது. பந்து எங்கேயோ கேமரா அங்கே. ரிசீவர் மூன்றாவது விநாடியில் ஃப்ரேமை விட்டே போய்விடுவான். 22 பேரும் தெரிகிற வீடியோவைத் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டேடியத்தின் உச்சி மாடியில் உட்கார வேண்டும். ஓஹையோ ஸ்டேடியத்தில் நான் எப்போதும் சி டெக் டிக்கெட்தான் எடுப்பேன். நண்பர்கள் கஞ்சன் என்பார்கள். கஞ்சன்தான். ஆனால் அங்கிருந்துதான் ரிசீவர் ஓடுகிற ரூட் முழுசாகத் தெரியும்.

அட, ஒன்று விட்டுவிட்டேன். அதே ஞாயிற்றுக்கிழமை த்ரீ-கோன் டிரில்லும் செய்து பார்த்தேன். மூன்று கோன், எல் வடிவம், இரண்டு பக்கமும் 5 யார்டு, சுற்றிச் சுற்றித் திரும்ப வேண்டும். மார்ச் மாதக் காற்றில் பிளாஸ்டிக் கோன்கள் பார்க்கிங் வரைக்கும் பறந்தன. கடைசியில் சனிக்கிழமை வாங்கி டிக்கியிலேயே கிடந்த 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்டையை மூலையில் வைத்துச் சுற்றினேன். என் நேரத்தைச் சொல்லப்போவதில்லை. ஆனால் 2019-ல் டிகே மெட்காஃப் என்கிற ரிசீவர் இந்த டிரில்லில் 7.38 விநாடி எடுத்தான், குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000-ல் எடுத்ததே 7.20. பிரேடி! ஓடுகிறாரா, பஸ்ஸுக்கு நடக்கிறாரா என்று கேலி பண்ணுவோமே, அவரைவிட மெதுவாம். இத்தனைக்கும் 228 பவுண்டு உடம்போடு 4.33-ல் நேராக ஓடியவன். வளையத் தெரியாது என்று எல்லோரும் ஒதுங்கி, 64-வது ஆளாக சியாட்டிலுக்குப் போனான். அவர்கள் அவனை எல் வடிவத்தில் ஓடச் சொல்லவில்லை, நேராகப் போ என்றார்கள். இரண்டாவது வருஷமே 1,303 யார்டு.

இனி என் பட்டியலின் முதல் ஆள்: டெட்டைரோவா மெக்மில்லன், அரிசோனா பல்கலைக்கழகம். கம்பைனில் 40 ஓடவே இல்லை, அதற்கே அவனைப் பிடிக்கிறது. 6 அடி 4 அங்குலம், ஸ்கூலில் வாலிபால் ஆடியவன். பந்து உயரத்தில் இருக்கும்போதே போய்ப் பறிக்கிற விதத்தில் அந்த வாலிபால் அப்படியே தெரியும். நியூ மெக்சிகோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 304 யார்டு, 4 டச்டவுன். இதைச் சொன்னால் நீங்கள் கமென்டில் "எதிரணி யார் பார்த்தீர்களா" என்று கேட்பீர்கள். பார்த்தேன். அந்த ஆட்டத்தை நானும் கணக்கில் பாதிக்குத்தான் எடுக்கிறேன். மற்ற ஆட்டங்களே போதும் எனக்கு. டிராவிஸ் ஹன்டரை இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. அவன் ரிசீவரா கார்னர்பேக்கா என்று எடுக்கிற டீமே முதலில் முடிவு பண்ணட்டும்.

இனி வெட்கக்கேடு. போன வருஷம் "மார்வின் ஹாரிசன் ஜூனியர், கண்ணை மூடிக்கொண்டு நம்பர் 1" என்று 40 நிமிஷம் பேசினேன். நம் ஓஹையோ ஸ்டேட் ரிசீவரான அவன் 4-வது ஆளாகப் போய் 885 யார்டு எடுத்தான். 6-வதாகப் போன மலிக் நேபர்ஸ் 109 கேட்ச், 1,204 யார்டு. 23-வதாகப் போன பிரையன் தாமஸ் 1,282. 34-வதாகப் போன லேட் மெக்கான்கிகூட 1,149. ஹாரிசனை இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன், 8 டச்டவுன் போட்டவன். ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே இன்றைக்கும் யாராவது வந்து சிரித்துவிட்டுப் போகிறீர்கள். எனக்கு நோட்டிஃபிகேஷன் வருகிறது மக்களே.

இப்போது சிக்கல் என்னவென்றால், இந்த வருஷம் எனக்கு மிகவும் பிடித்தவனும் நம் ஊர்க்காரன்தான். எமெக்கா எக்புக்கா. 205 கேட்ச், ஓஹையோ ஸ்டேட் வரலாற்றிலேயே அதிகம். ஆனால் எப்போதும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். 2023-ல் ஹாரிசன், போன சீசனில் முதல் வருஷத்துப் பையன் ஜெரமையா ஸ்மித். கல்யாணத்துக்குக் கல்யாணம் மாப்பிள்ளைத் தோழனாகவே நின்றவன். மேலே இருந்து பார்த்தால்தான் தெரியும்: பந்து தனக்கு வராத ஆட்டத்திலும் போய் ஆளைத் தடுத்து நிற்பான். எதிரணி இடம் விட்டு நிற்கும்போது அந்த ஓட்டையில் வந்து சரியாக நின்று குவார்ட்டர்பேக்குக்கு முகத்தைக் காட்டுவான். பளிச்சென்று ஒன்றும் இருக்காது, கேலரியில் யாரும் எழுந்து கத்த மாட்டார்கள். என் பட்டியலில் மெக்மில்லன், எக்புக்கா, அப்புறம் கோல்டன். எக்புக்காவை இரண்டாவதாக வைக்கச் சொல்வது என் கண்ணா, கொலம்பஸ் தண்ணியா என்று கேட்காதீர்கள். நேற்று இரவு அவன் பழைய ஆட்டங்களை மூன்று மணி நேரம், வேண்டுமென்றே குறை தேடிக்கொண்டே பார்த்தேன். இரண்டு பந்தை நழுவவிட்டான். இரண்டுக்கும் நான் குவார்ட்டர்பேக்கைத் திட்டியிருக்கிறேன். வீட்டம்மா சாட்சி.

மச்சினனோடு பந்தயம் போட்டாயிற்று. டிராஃப்ட் நடக்கிற கிரீன் பேயில் கோல்டன் பெயர் முதலில் வந்தால் நான் அந்த ஆரஞ்சு நிற டெக்சஸ் சட்டையைப் போட்டு ஒரு வீடியோ போட வேண்டும். எக்புக்கா முதலில் வந்தால் அவன் எங்கள் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹூஸ்டன் நடுத்தெருவில் நிற்க வேண்டும்.

உங்கள் பட்டியலைக் கீழே எழுதுங்கள். அப்படியே உங்கள் சாண் எத்தனை அங்குலம் என்றும் எழுதுங்கள். ஒன்பதரைக்கு மேல் யாராவது இருந்தால், என்னிடம் ஒரு ஜோடி கையுறை இருக்கிறது. L சைஸ், ஒரே ஒரு நாள் போட்டது. 30 டாலர், கொலம்பஸில் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.