உயிரணுவுக்குள் கட்டப்படும் சாரம்

நேயர்களுக்கு வணக்கம். புற்றுநோயால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் தோன்றிய கட்டி காரணமன்று. அதிலிருந்து பிரிந்து நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ எலும்புக்கோ போய்க் குடியேறிய உயிரணுக்களே காரணம். கால்களற்ற உயிரணு எவ்வாறு இடம்பெயர்கிறது என்பதற்கான விடை பெரிதும் அதன் உட்சட்டகத்தில் இருக்கிறது.

அந்தச் சட்டகம் அசையாத தூண் அன்று. சாரம் கட்டுவோர் ஒரு பக்கம் கட்டிக்கொண்டே மறுபக்கம் அவிழ்ப்பதைப் போல, 7 நானோமீட்டர் அளவே தடிமனுள்ள, ஆக்டின் என்னும் புரதத்தாலான இழைகள் ஒரு முனையில் வளர்ந்தபடியும் மறுமுனையில் கரைந்தபடியும் இருக்கின்றன. கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட உயிரணுவை நுண்ணோக்கியில் பொறுமையாகக் கவனித்தால், அதன் முன்விளிம்பு காற்றில் அலையும் முந்தானைபோல நெளிந்து நீள்வதையும், நீண்ட பகுதி தரையைப் பற்றிக்கொள்வதையும், சற்று நேரத்தில் பின்பகுதி சுருங்கி இழுபட்டு வருவதையும் காணலாம். முன்னே தள்ளுவது வளரும் ஆக்டின். பின்னே சுருக்குவது அதனோடு சேர்ந்த மயோசின் என்னும் மற்றொரு புரதம். காயம் ஆறுவதற்காக நம் உடல் வைத்திருக்கும் இதே திறனைத்தான் புற்று உயிரணு தன் பரவலுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

மார்பகம், குடல் போன்றவற்றின் மேற்படல உயிரணுக்கள் இயல்பில் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை; கெரட்டின் இழைகள் அவற்றைத் தாங்குகின்றன. பரவத் தொடங்கும் உயிரணு பல வேளைகளில் அந்தப் பிணைப்பைத் தளர்த்தி, வைமென்டின் என்னும் வேறோர் இழையைப் பெருக்கிக்கொள்கிறது. ஆக்டின் உந்துதலால் நீளும் சிறு முளைகள் நொதிகளைச் சுரந்து, மேற்படலத்துக்கு அடியில் விரிந்திருக்கும் அடிச்சவ்வை அரிக்கின்றன. என்னை மிகவும் சிந்திக்க வைப்பது அதற்குப் பிறகு உட்கரு படும் பாடுதான். உயிரணுவின் மிக விறைப்பான பகுதி அதுவே என்பதால் குறுகிய இடுக்குகளில் சிக்கிக்கொள்கிறது. நசுங்கி நுழையும்போது அதன் உறை கிழிவதையும், கிழிந்த இடம் பிறகு சீராக்கப்படுவதையும், அந்த இடைவெளியில் டி.என்.ஏ. சேதமுறுவதையும் 2016இல் ஆய்வாளர்கள் காட்டினர்.

நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து, சட்டகத்தின் மற்றோர் உறுப்பான நுண்குழல்களைக் குலைத்து உயிரணுப் பிரிவைத் தடுக்கிறது. அவ்வாறே ஆக்டினைத் தாக்கி நகர்வையும் நிறுத்தலாமே என்று தோன்றலாம். ஆனால் இதயம் சுருங்குவதும் ஆக்டினைக் கொண்டுதான். ஆகவே, இயல்பான மேற்படலத்தில் அரிதாகவும் பல புற்றுகளில் மிகுதியாகவும் காணப்படும் ஃபாசின் என்னும் புரதத்தின்மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியிருக்கிறது. ஆக்டின் இழைகளைக் கற்றையாகக் கட்டுவது அதன் வேலை. ஃபாசினைத் தடுக்கும் மருந்து கட்டியைச் சுருக்காமலே பரவலைத் தடுக்கக்கூடும் என்பதால், கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதை மட்டும் அளக்கும் சோதனைகளில் அதன் பயன் கண்ணில் படாமலே போய்விடுமோ என்பதே என் கவலை. நன்றி, வணக்கம்.