சுண்ணாம்புச் சுவரும் வீடு நிறைய ஆட்களும்

வணக்கம் நண்பர்களே. இன்று கேமராவைக் கூடத்துச் சுவருக்கு நேராக வைத்திருக்கிறேன். வெளிச்சம் குறைவுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்றதும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கைகொடுக்க வந்துவிட்டார்கள். இது பெரிய கொடுப்பினை. ஆனால் வருகிறவர்களுக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்பதை அவர்களின் ஆர்வம் முடிவு செய்யக்கூடாது, வீடுதான் முடிவு செய்ய வேண்டும். இதை நான் அடித்துச் சொல்வேன்.

இந்தச் சுவரைப் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை யாரோ பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். கொத்துக்கரண்டியின் பிடியால் தட்டுகிறேன், கேளுங்கள். மேலே கெட்டியான சத்தம். இங்கே 'பொத்'தென்று கேட்கிறது, பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்துவிட்டது. பெயர்த்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. விரலால் தடவினால் மாவாக உதிர்கிறது. அதோடு செங்கல்லின் முகமும் பொடியாக வருகிறது.

மண்ணில் உள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது, உள்ளே உப்பு படிகமாகிச் செங்கல்லையே உடைக்கிறது. போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றதே 1824-இல்தான். அதற்கு முந்தைய செங்கல் வீடுகளில் பலவும், சிமெண்ட் பரவலாகும் வரை கட்டிய எத்தனையோ வீடுகளும் சுண்ணாம்பை நம்பி நின்றவை.

"சிமெண்ட்தானே வலுவானது?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சாந்து செங்கல்லைவிட மென்மையாகத்தான் இருக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் சுவர் மிகச் சிறிய அளவில் அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவைச் சாந்து தாங்கிக்கொண்டால் விரிசல் சாந்தோடு நின்றுவிடும். சாந்து கடினமாக இருந்தால் செங்கல் உடையும். சாந்தை மாற்றலாம், செங்கல்லை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. அதைக் கேட்டபிறகு மாமாவே உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு சிமெண்ட் பூச்சைப் பெயர்க்க உட்கார்ந்துவிட்டார். பெரிய இடிக்கும் இயந்திரத்தை நான் அனுமதிக்கவில்லை, அது நல்ல செங்கல்லையும் உலுக்கிவிடும்.

சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதை நீரில் நீற்றிச் சாந்தாக்கிச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது. நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும். அதனால் நீரில்தான் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் நீரை ஊற்றக்கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம். கண்ணாடியும் கையுறையும் போட்டவர் மட்டும் அருகில் நிற்கட்டும், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இந்த மெதுவான வேலைக்குத்தான் குடும்பம் வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். மணலைச் சலிக்க வேண்டும், சாந்தை நன்றாகக் குழைக்க வேண்டும், ஒரு பூச்சு பத்து மில்லிமீட்டரைத் தாண்டாமல் பூச வேண்டும். அதன்பிறகு நாள்கணக்கில் நேரடி வெயிலும் பலத்த காற்றும் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டுக் காக்க வேண்டும். கூலிக்கு வரும் கொத்தனார் அடுத்த வேலைக்குப் போயாக வேண்டும், காவலுக்கு அவரை நிறுத்த முடியாது. அத்தையால் சாரத்தில் ஏற முடியாது. சாக்கு காயாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தே ஈரம் போதுமா என்று சொல்லிவிடுகிறார். அவர் சொல்லாமல் அடுத்த பூச்சைத் தொடுவதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, நகத்தால் கீறினால் மட்டும் தடம் விழ வேண்டும். அதுதான் பதம்.

ஆனாலும் முதல் பூச்சுக்கு அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். கரண்டியைப் பிடிக்கும் கோணத்தை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. இந்த வீடியோவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உறவினர் கையில் கொடுக்கவே கூடாத வேலைகளும் உண்டு. எர்த் இல்லாத பழைய மின்கம்பிகள், பாரம் தாங்கும் சுவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகள். இவை தகுதி பெற்றவர்களின் வேலை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தத் தூசி மிகவும் ஆபத்து.

பூச்சு முடிந்தபின் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கப் போவதில்லை. அடித்தால் ஈரம் வெளியேறும் வழியை மறுபடியும் அடைத்ததாகிவிடும். நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பைப் பல கை அடிக்கப்போகிறோம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டால், பிரஷ் பிடிக்கத் தெரிந்த பெரியவர்கள் எல்லோரும் அதில் சேரலாம். அடுத்த பதிவில் கதவு நிலையைப் பார்ப்போம். கரையான் அரித்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டு மரம் வைக்கிறோம்.