பிள்ளைகள் ஏழு, மேசை ஒன்று

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நான் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். அதோடு, ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத்திலும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் சிலவற்றுக்குப் போய், அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, ஆண்டு முழுதும் அவர்கள் எழுதியதையும் வாசித்ததையும் பார்த்து, தகுந்த கல்வி கிடைத்திருக்கிறது என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் பொறுப்பும் எனக்கு உண்டு. அப்படி நான் போகும் வீடுகளில் ஒன்றில் ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். மூத்தவளுக்கு வயது 19, கடைக்குட்டிக்கு 4. தந்தை மின்பணியாளர், விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அந்த வீட்டின் அன்றாடத்தைப் பற்றியும், அங்கே பாடநூல்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பதைப் பற்றியும் பேசவே இன்று வந்திருக்கிறேன். அந்தத் தாயின் சம்மதத்தோடுதான் பேசுகிறேன்; பெயர்களை மட்டும் தவிர்க்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் வீட்டில் படிக்கவைப்பவர்கள் அரசுக்கு ஆண்டறிக்கை எதுவும் தரவேண்டியதில்லை. பென்சில்வேனியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதிக்குள் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் உறுதிமொழிப் பத்திரம் தரவேண்டும். ஆண்டுக்கு 180 நாள்கள் பாடம் நடத்தவேண்டும், அல்லது தொடக்க வகுப்புகளுக்கு 900 மணி நேரமும் உயர்நிலை வகுப்புகளுக்கு 990 மணி நேரமும் கணக்குக் காட்டவேண்டும். வாசித்த நூல்களின் தலைப்புகளை அவ்வப்போதே குறித்துவைத்து, பிள்ளையின் எழுத்து மாதிரிகளோடு சேர்த்து ஒரு கோப்பாகப் பாதுகாக்கவேண்டும். மூன்று, ஐந்து, எட்டு ஆகிய வகுப்புகளில் பெற்றோர் அல்லாத ஒருவர் பொதுத்தேர்வு வைக்கவேண்டும். ஜூன் 30க்குள் என்னைப் போன்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் சான்று போய்ச் சேரவேண்டும். 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தக் கோப்பு அலுவலகத்துக்குப் போவதில்லை; சான்றுத் தாள் மட்டுமே போகிறது. ஆகவே அந்தப் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டிப் பார்க்கும் வெளியாள் பெரும்பாலும் மதிப்பீட்டாளர் ஒருவர்தான். இதன் கனம் எனக்கு ஒரு கசப்பான அனுபவத்தின் வழியாகத்தான் விளங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வீட்டில் காலை எட்டரை மணிக்குச் சமையலறை மேசை துடைக்கப்படும். கஞ்சிக் கிண்ணங்கள் கழுவுதொட்டிக்குப் போனதும் அதே மேசை வகுப்பறையாகிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் கூடை உண்டு. நோட்டு, பென்சில், அன்றைய கணக்குப் புத்தகம் எல்லாம் அதற்குள்தான். முதல் முக்கால் மணி நேரம் எல்லாருக்கும் பொது: தாய் உரக்க வாசிப்பார், பிள்ளைகள் கேட்பார்கள், கேட்டதை ஒருவர் தன் சொந்தச் சொற்களில் திரும்பச் சொல்லவேண்டும். இது சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் வழி. 1842 முதல் 1923 வரை வாழ்ந்த அவர், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் நீளக் கூடாது என்றும், கேள்வித்தாளைவிடத் திருப்பிச் சொல்லுதலே பிள்ளை எதை உள்வாங்கியது என்பதைக் காட்டும் என்றும் வலியுறுத்தியவர்.

பாடத்திட்டத் தேர்வு என்றதும் எந்த நூல் சிறந்தது என்ற கேள்விதான் நமக்கு முதலில் எழும். ஒரு பிள்ளையோ இரண்டு பிள்ளைகளோ உள்ள வீட்டுக்கு அந்தக் கேள்வி போதும். ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் வேறொரு கேள்வி முந்திக்கொள்கிறது: இந்த நூல் தாயின் நேரத்தில் எத்தனை நிமிடங்களைக் கேட்கிறது? இந்தக் கணக்கை அந்தத் தாய் எனக்கு ஒரு முறை விரல்விட்டுக் காட்டினார். மூத்தவள் முதல் வகுப்பில் இருந்தபோது வாங்கிய கணக்குப் பாடத்தில், ஆசிரியர் பேசவேண்டிய ஒவ்வொரு வாக்கியமும் அச்சிட்டுத் தரப்பட்டிருந்தது. மணிகளையும் கட்டைகளையும் வைத்து எண்ணிக் காட்ட நாளுக்கு நாற்பத்தைந்து நிமிடம் பிடித்தது. நல்ல பாடம், குறையே சொல்லமுடியாது. அதையே நான்கு பிள்ளைகளுக்கு நான்கு நிலைகளில் நடத்தினால் கணக்குக்கு மட்டும் மூன்று மணி நேரம் போய்விடும். அதற்குள் கைக்குழந்தை இரண்டு தடவை பாலுக்கு அழுதிருக்கும்.

மூத்தவள் நடுநிலை வகுப்புக்கு வந்ததும் அவர் சாக்சன் கணக்கு நூல்களுக்கு மாறினார். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று ஓக்லஹோமாவில் கணிதம் கற்பித்த ஜான் சாக்சன் உருவாக்கிய வரிசை அது. ஒரு பாடத்தில் சிறு துளியாகப் புதிய செய்தி ஒன்று வரும். பிறகு பழையதும் புதியதும் கலந்த முப்பது கணக்குகள் வரும். மேல் வகுப்பு நூல்கள் மாணவரைப் பார்த்தே பேசுவதால் பிள்ளை தானே வாசித்துப் போட்டுவிடலாம். தாய் திருத்தினால் போதும். மூத்தவளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டாமவனோ முப்பது கணக்கைக் கண்டதும் மலைத்துப்போய், பதினைந்தாவதிலேயே அழத் தொடங்கிவிடுவான். அவனுக்கு மட்டும் சிங்கப்பூர் முறை நூல்களை வாங்கினார்கள். கட்டங்களை வரைந்து, தெரிந்த அளவையும் தெரியாத அளவையும் கண்ணுக்கு எதிரே நிறுத்திப் பார்க்கும் முறை அது. அவன் அழுகை நின்றது, ஆனால் ஒரே வீட்டில் இரண்டு கணக்கு முறைகளைத் தலையில் சுமக்கவேண்டியவர் தாயானார். ஒவ்வொரு பிள்ளையின் குணத்துக்கும் ஏற்ற நூல் வேண்டும் என்று எழுதுவது எளிது. அந்தத் தாயின் நாளில் அது எங்கே பொருந்தும் என்றும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பணக் கணக்கும் உண்டு. நூலிலேயே எழுதி நிரப்பும் பயிற்சி ஏடு ஒரு பிள்ளையோடு தீர்ந்துபோகும். பாடநூல் கைமாறிக் கைமாறி ஏழாவது பிள்ளை வரை வரும். எனவே அந்த வீட்டில் முடிந்தவரை விடைகள் நோட்டில்தான். மூத்தவள் படித்த கணக்கு நூலின் முதுகில் துணிநாடா ஒட்டியிருக்கிறது. உள்ளட்டையில் நான்கு பிள்ளைகளின் பெயரும் தேதியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன.

கணக்கும் வாசிப்பும் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. வரலாறும் அறிவியலும் எல்லாருக்கும் ஒன்று. இந்தப் பிரிவினைதான் பெரிய குடும்பங்களைக் காப்பாற்றுகிறது. வகுப்பு வாரியாகப் பெட்டியில் அடைத்து வரும் பாடத்திட்டத்தை ஆளுக்கொன்று வாங்கினால், ஒருத்தி எகிப்திலும் ஒருவன் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் இருக்க, தாய் ஒரே முற்பகலில் ஐந்து நூற்றாண்டுகளுக்கு ஓடவேண்டியிருக்கும். அதற்கு மாறாக, பண்டைக் காலம், இடைக் காலம், அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகள், அண்மைக் காலம் என்று நான்கு ஆண்டுகளில் உலக வரலாற்றை முடித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பள்ளிப் பருவம் முடிவதற்குள் ஒரு பிள்ளை இந்தச் சுற்றை மூன்று முறை வரும். பென்சில்வேனியா வரலாற்றைக் கற்பிக்கச் சட்டமே சொல்வதால், ஒரு குளிர்காலத்தில் எல்லாரும் வேலி ஃபோர்ஜுக்குப் போனார்கள். 1777 டிசம்பரில் வாஷிங்டனின் படை முகாமிட்ட இடம் அது. அந்த ஆண்டுக் கோப்புகளில், அப்போது ஆறு வயதாக இருந்தவள் வரைந்த மரக்குடிசையும், பெரியவன் படைவீரர்களை வாட்டிய நோய்களைப் பற்றி எழுதிய நான்கு பக்கமும் ஒரே தேதியோடு இருந்தன.

அதே சட்டம், தீ விபத்துத் தடுப்பைத் தொடர்ந்து கற்பிக்கவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு நாள் தாய் புகையுணர்வியை அலறவிடுவார். பிள்ளைகள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வாதுமை மரத்தடிக்கு ஓடவேண்டும். அங்கே எண்ணிச் சரிபார்க்கும் வேலை எண்ணத் தெரிந்தவர்களில் மிகச் சிறிய பிள்ளைக்கு. அவளுக்கு எண்ணும் பாடமும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்பதுண்டு. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொண்டுதான் நான் விடை சொல்வேன். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். தேர்ந்த சிறுவர்களைக் கொண்டு மற்றவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூலும் வெளியிட்டார். அங்கே அது மதராஸ் முறை என்றே பெயர் பெற்றது. ஆகவே இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆனால் சட்டாம்பிள்ளை தன் படிப்பை இழக்கக் கூடாது. அந்த வீட்டில் மூத்தவளுக்கு 13 வயதானபோது அவள் நாளேட்டை நான் பார்த்தேன்: இரண்டு தங்கைகளுக்கு வாசிப்பு, தம்பிக்குக் கணக்குத் திருத்தம், குழந்தைக்குத் துணை, அதற்குப் பிறகே அவள் பாடம். நான் அதைச் சுட்டிக்காட்டியபோது தாய் வருத்தப்பட்டார், மறுக்கவில்லை. மறு ஆண்டிலிருந்து ஒரு வரையறை வந்தது: சின்னவர்கள் வாசிப்பதை மூத்தவள் நாளுக்குப் பதினைந்து நிமிடம் கேட்கலாம், புதிய பாடம் எதையும் அவள் தொடங்கக் கூடாது. குழந்தை தூங்கும் பிற்பகல் ஒன்றரை மணி நேரம் அவளுக்கும் தாய்க்கும் மட்டும் உரியது, அல்ஜீப்ரா அப்போதுதான்.

இனி நான் முன்னே சொன்ன அனுபவத்துக்கு வருகிறேன். அந்த வீட்டின் மூன்றாவது பிள்ளைக்கு 2017 இலையுதிர் காலத்தில் எட்டு வயது நிறைந்தது. கட்டாயக் கல்வி அப்போது எட்டு வயதில்தான் தொடங்கியது. 2020இல்தான் அது ஆறாகக் குறைந்தது. எனவே 2018 ஜூனில்தான் அவன் முதன்முதலாக என்முன் வந்து உட்கார்ந்தான். அழகான கோப்பு. இயற்கைக் குறிப்பேட்டில் கார்டினல் பறவையைச் சிவப்பு வண்ணத்தில் தீட்டியிருந்தான். வாசித்த கதையைச் சொல் என்றேன். ஓநாய் ஊளையிடுவதையும் சேர்த்துச் சொன்னான். நான் மனநிறைவோடு கையெழுத்திட்டேன்.

மறு வசந்தத்தில் மூன்றாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. கணக்கில் நல்ல நிலை. வாசிப்பில் மிகத் தாழ்ந்த நிலை. தாய் தொலைபேசியில் பேசினார். அன்று மாலையே போனேன். அவனுக்குப் பழக்கமான படக்கதைப் புத்தகம் ஒன்றைத் தந்து வாசிக்கச் சொன்னேன். தடங்கலின்றி வாசித்தான். அடுத்த பக்கத்தில் படத்தை என் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். அவன் குரல் நின்றது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றின் முதலெழுத்தைப் பார்த்து மூன்று சொற்களை ஊகித்தான், மூன்றும் தவறு. பிறகு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா உரக்க வாசிக்கும்போது கேட்டதும், அக்கா வாசிக்கும்போது கேட்டதும் அவன் நினைவில் அப்படியே பதிந்திருந்தன. திருப்பிச் சொல்லுதலில் அந்த வீட்டிலேயே கெட்டிக்காரன் அவன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பின்னால் அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதது இரண்டு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை. ஓர் ஆண்டுக்கு முன் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை. தவறு என்னுடையது என்று அன்று அந்தத் தாயிடம் சொன்னேன். இன்று உங்களிடமும் சொல்கிறேன்.

பிறகு நடந்ததைச் சொல்லவேண்டும். ஆர்ட்டன் கில்லிங்ஹம் வழியில் அமைந்த வாசிப்புப் பாடம் ஒன்றை வாங்கினார்கள். ஒவ்வோர் ஒலியும் தனித்தனியாக, வரிசை மாறாமல், கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் தொட்டுக் கற்கும் முறை அது. காந்தப் பலகையில் எழுத்துச் சில்லுகளை நகர்த்திச் சொல்லைக் கட்டுவார்கள். பிள்ளையோடு ஒருவர் நேருக்கு நேர் உட்கார்ந்தே தீரவேண்டும். நாளுக்கு இருபது நிமிடம், விடுமுறை இல்லாமல். அப்போது வீட்டில் ஆறு பிள்ளைகள், கடைசிக் குழந்தைக்கு ஒரு வயது. அந்த இருபது நிமிடத்துக்கு இடம் தேடி அந்தத் தாய் என்னென்ன விட்டுக்கொடுத்தார் என்பதை நான் கண்ணாரக் கண்டேன். அறிவியல் செய்முறைப் பெட்டி ஓராண்டு பரணில் ஏறியது. லத்தீன் நிறுத்தப்பட்டது. இசை, ஓவியம், நிலவியல் ஆகியவற்றுக்குக் கிழமை ஒதுக்குவதை விட்டுவிட்டு, ஒரு பட்டியலாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்து, நேரம் கிடைத்த அன்று விட்ட இடத்திலிருந்து அடுத்ததை எடுத்துக்கொண்டார்கள். தந்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்குத் திருத்தத்தைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார். பதினான்கு மாதம் கழித்து அவன் தானாக ஒரு முழு நூலை முடித்தான். அவனுக்கு இப்போது 15 வயது. இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான், ஆனால் ஊகிப்பதில்லை. உயர்நிலை வகுப்பில் இருப்பதால் இப்போது அவனை மதிப்பிடுபவர் வேறொருவர்.

பன்னிரண்டு, பத்து, ஏழு வயதுப் பிள்ளைகள் மூவர் இந்த ஜூனில் என்முன் உட்காரப்போகிறார்கள். ஏழு வயதுக்காரி சென்ற ஆண்டே தன் கோப்பின் அட்டையில் வண்ணக் காகிதத்தை ஒட்டி, நான் முதலில் எதைத் திறக்கவேண்டும் என்று அம்புக்குறி போட்டு வைத்திருந்தாள். அவள் கோப்பை நான் ஆசையோடு முழுவதும் பார்ப்பேன். அதற்கு முன், அவள் பார்த்திராத, படமில்லாத ஒரு பக்கத்தை என் பையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுப்பேன்.

வணக்கம்.